நாலாவது டவுனும் நம்மூர் விடியலும்: வாசகர் கேள்வி - பதில்

பிள்ளைகள் ஒஹையோவிலும் டெக்சஸிலும் படிக்கிற வீடுகள் நம் பக்கத்தில் தெருவுக்கு ஒன்றாவது இருக்கின்றன. ஜனவரி வந்தால் அந்த வீடுகளில் விடியற்காலையிலேயே டி.வி. ஓடுகிறது: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ப்ளேஆஃப் அரையிறுதி. நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும் ஆடுவது. ஆட்டம் பிடிக்காமல் இல்லை, பிடிபடவில்லை என்பதுதான் வந்த கடிதங்களின் சாரம். எங்கள் விளையாட்டுப் பகுதியின் பதில்கள் இதோ.

மகள் ஒஹையோ ஸ்டேட்டில் எம்.எஸ். படிக்கிறாள். "வெள்ளிக்கிழமை ராத்திரி செமி ஃபைனல், பாரும்மா" என்றாள். வெள்ளி ராத்திரி உட்கார்ந்தால் ஒன்றையும் காணோம். நம்ம நேரத்துக்கு எப்போதான் நடக்கு?
- வாசகி, மகாராஜ நகர், பாளையங்கோட்டை

சனிக்கிழமை காலை 6 மணிக்கு. அரையிறுதி வழக்கமாக அமெரிக்கக் கிழக்கு நேரப்படி இரவு 7.30-க்குத் தொடங்கும். ஜனவரியில் அதோடு பத்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம், ஆனால் தேதி மறுநாள். மகள் டெக்சஸ் கடிகாரத்தைச் சொன்னால் பதினொன்றரை மணி, அரிசோனா என்றால் பன்னிரண்டரை, கலிஃபோர்னியா என்றால் பதிமூன்றரை கூட்டுங்கள். 2025-ல் முதல் அரையிறுதி அங்கே ஜனவரி 9 வியாழன் இரவு. இங்கே அது 10-ஆம் தேதி வெள்ளி விடியல், வைகுண்ட ஏகாதசி. கோயிலுக்குப் போனவர்கள் முதல் பாதியைத் தவறவிட்டிருப்பார்கள்.

கடிகாரத்தில் ஆட்டம் 60 நிமிடம்தான், நான்கு கால் பகுதிகளாக. ஆனால் முடிய மூன்றரை மணி நேரம் ஆகும், ஓவர்டைம் போனால் இன்னும் நீளும். இடைவேளை ஏழரையைத் தாண்டி வரும், சுமார் 20 நிமிடம். இட்லி ஊற்றுவதை அப்போது வைத்துக்கொள்ளுங்கள்.

இது லீக்கா, நாக்-அவுட்டா? அரையிறுதிக்கு எப்படி வருகிறார்கள்?
- ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், அம்பாசமுத்திரம்

முழுக்க நாக்-அவுட். 2014 பருவத்தில் தொடங்கியபோது நான்கே அணிகள். 13 பேர் கொண்ட தேர்வுக் குழு வரிசைப்படுத்திய முதல் நான்கு அணிகள் நேரே அரையிறுதி ஆடின. 2024 பருவத்திலிருந்து 12 அணிகள். முதல் நான்கு இடத்துக்கு முதல் சுற்றில் ஓய்வு. 5 முதல் 12 வரை உள்ளவை டிசம்பரில் மோதும், அதில் 5 முதல் 8 வரை உள்ளவர்களுக்குச் சொந்த மைதானம். வென்றவர்கள் புத்தாண்டையொட்டிக் காலிறுதியில் ஓய்வெடுத்த நால்வரைச் சந்திப்பார்கள். பிறகு அரையிறுதி, பொங்கல் முடிந்த வாரத்தில் இறுதி.

ஓய்வு வரம் என்று நினைக்கத் தோன்றும். முதல் ஆண்டிலேயே அந்த நினைப்பு கவிழ்ந்தது. ஓய்வெடுத்த ஓரிகன், ஜார்ஜியா, பாய்சி ஸ்டேட், அரிசோனா ஸ்டேட் நான்கும் காலிறுதியோடு வெளியேறின. அரையிறுதிக்கு வந்தவை 5, 6, 7, 8-ஆம் இடத்து அணிகள். மூன்று வாரத்துக்கு மேல் ஆடாமல் இருந்த அணிக்கு முதல் கால் பகுதியில் கால் ஊன்ற நேரமாகிறது என்பது எங்கள் கணிப்பு. மறுபக்கம் அலுப்பும் உண்டு: டெக்சஸுக்கு அந்த அரையிறுதி பருவத்தின் 16-ஆவது ஆட்டம்.

திரை ஓரத்தில் "தேர்டு அண்ட் செவன்" என்று போடுதான். அடுத்த நிமிசம் "ஃபர்ஸ்ட் அண்ட் டென்". இது என்ன கணக்கு அண்ணாச்சி?
- வாசகர், சங்கரன்கோவில்

இது ஒன்று புரிந்தால் ஆட்டத்தில் பாதி புரிந்த மாதிரி. தாக்கும் அணிக்கு நாலு முயற்சி. ஒவ்வொன்றும் ஒரு டவுன். நாலுக்குள் பந்தை 10 யார்டு, அதாவது 9.14 மீட்டர், முன்னே நகர்த்த வேண்டும். நகர்த்தினால் மறுபடி புதிதாக நாலு. முடியாவிட்டால் அதே இடத்தில் பந்து எதிரணிக்கு. "தேர்டு அண்ட் செவன்" என்றால் மூன்றாவது முயற்சி, இன்னும் 7 யார்டு பாக்கி.

கபடியில் இரண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது "டூ ஆர் டை" ஆகுமே, அந்த நெருக்கடிதான் இங்கே நாலாவது டவுன். ஆனால் இங்கே தப்பிக்க வழி உண்டு. நாலாவதில் மூன்று வகையாக முடிவெடுக்கலாம். எதிர்முனையின் கோல் கம்பம் தொலைவில் இருந்தால் பந்தை ஓங்கி உதைத்து எதிரணியை அவர்கள் எல்லைப் பக்கமே தள்ளிவிடலாம், இது பன்ட். கம்பம் எட்டும் தூரத்தில் இருந்தால் கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுக்கலாம். இது ஃபீல்டு கோல். அல்லது துணிந்து நாலாவதையும் ஆடலாம். பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டினால் டச் டவுன், 6 புள்ளி. அதற்குப் பிறகு உதைத்தால் கூடுதலாக 1, 3 யார்டு தூரத்திலிருந்து மறுபடி புகுந்தால் 2.

புதிதாகப் பார்ப்பவர்கள் மூன்றாவது, நாலாவது டவுனில்தான் நிமிர்ந்து உட்காருகிறார்கள். நாங்கள் பார்க்கச் சொல்வது இரண்டாவதை. முதல் முயற்சியில் 5 யார்டு கிடைத்து "செகண்ட் அண்ட் ஃபைவ்" ஆனால் தாக்கும் அணி ஓடவும் செய்யலாம், வீசவும் செய்யலாம். தடுப்பவர்களால் ஊகிக்க முடியாது. முதல் முயற்சியில் 2 யார்டு பின்னே போய் "செகண்ட் அண்ட் ட்வெல்வ்" ஆனால், வீசத்தான் போகிறார்கள் என்று மைதானத்துக்கே தெரியும். தடுப்பு அணி தன் வேகமான ஆட்களை, பந்தை வீசும் ஆட்டக்காரரான குவார்ட்டர்பேக் மேலேயே ஏவிவிடும். பந்து கைநழுவுவதும் எதிரி கையில் விழுவதும் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

2025 அரையிறுதியில் டெக்சஸ் அணிக்கு எல்லைக்கு ஒரே ஒரு யார்டில் பந்து, நாலு முயற்சி. அதிலும் கோட்டை விட்டார்களே, எப்படி?
- கல்லூரி மாணவர், வண்ணார்பேட்டை

ஜனவரி 10, ஆர்லிங்டன், காட்டன் பவுல் (இந்தப் பெரிய ஆட்டங்களுக்கு 'பவுல்' என்று பெயர்). ஒஹையோ ஸ்டேட் 21, டெக்சஸ் 14. நீங்கள் சொல்வதுபோல் முதல் டவுன், 1 யார்டு பாக்கி.

எல்லைக்கு மிக அருகில் வந்தால் தாக்குவது லேசு என்று தோன்றும். தடுப்பவருக்கும் அங்கே ஒரு வசதி இருக்கிறது. அவர்கள் காவல் காக்க வேண்டிய ஆழம் எல்லைக்குப் பின்னால் உள்ள 10 யார்டு எண்டு ஸோன் மட்டுமே. நீளமாக வீசிவிடுவார்களோ என்ற பயம் கிடையாது, பதினொரு பேரும் முன்னே நெருங்கி நிற்கலாம்.

முதல் டவுனில் நடுவில் முட்டினார்கள்; நகரவில்லை. இரண்டாவதில் பந்தைப் பக்கவாட்டில் ஓட்டக்காரருக்குத் தூக்கிப் போட்டார்கள். அதில்தான் வினை. இப்படிப் போடும்போது அவர் பந்தைப் பிடிப்பது ஆட்டம் தொடங்கும்போது பந்து நின்ற இடத்துக்குப் பல யார்டு பின்னால். அங்கிருந்து ஓரமாக ஓடி, திரும்பி, பிறகு முன்னே போக வேண்டும். ஒரு தடுப்பாளர் இடைவெளியில் நுழைந்தால் போதும். நுழைந்தார்கள், 7 யார்டு நஷ்டம். 1 யார்டு பாக்கி 8 ஆகிவிட்டது. மூன்றாவதில் வீசிய பந்து பிடிபடவில்லை. நாலாவதில் வீசுவதைத் தவிர வழியில்லை, அது எதிரிக்கும் தெரியும். ஜாக் சாயர் ஓரமாகச் சுற்றி வந்து குவார்ட்டர்பேக் க்வின் யூவர்ஸின் கையிலிருந்து பந்தைத் தட்டி, தானே எடுத்துக்கொண்டு 83 யார்டு ஓடி மறுமுனையில் டச் டவுன் போட்டார். 28-14. கடிகாரத்தில் பாக்கி 2 நிமிடம் 13 விநாடி. இருவரும் முன்பு ஒஹையோவில் ஒரே அறையில் தங்கியவர்கள் என்பது உபரித் தகவல்.

நாலாவதில் ஃபீல்டு கோல் அடித்திருக்கலாமே என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். 7 புள்ளி பின்தங்கி, இரண்டரை நிமிடம் பாக்கி இருக்கையில் 3 புள்ளி எடுத்தால் இன்னும் 4 குறையும். நாலாவதை ஆடியது சரியான முடிவே. குற்றம் சொல்வதானால் இரண்டாவது டவுனில் ஓரத்துக்குப் போனதைச் சொல்லுங்கள். மறுபடி நடுவிலேயே முட்டி ஒரு அங்குலமும் நகராவிட்டாலும் 1 யார்டு 1 யார்டாகவே இருந்திருக்கும்.

திரையில் வரும் மஞ்சள் கோடு மைதானத்தில் வரைந்ததா? ஆட்டக்காரர் அதன் மேல் ஓடினால் கோடு அவர் காலுக்கு அடியில் போகிறது. கல்யாண வீடியோவில் பச்சைப் பின்னணியை எடுத்துவிட்டு வேறு படம் வைக்கும் குரோமா போட்டுப் பழகிய எனக்கே பிடிபடவில்லை.
- வீடியோ எடிட்டர், தென்காசி

பாதி விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். புதிதாக நாலு முயற்சி கிடைக்க பந்து எட்ட வேண்டிய இடத்தைக் காட்டும் அந்தக் கோடு கணினி போடுவது, 1998 முதல் நடக்கிறது. மைதானத்தில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

வேலை இரண்டு கட்டம். முதலில் கோடு எங்கே விழ வேண்டும் என்ற கணக்கு. ஒவ்வொரு கேமராவின் தாங்கியிலும் அது எவ்வளவு திரும்பியது, சாய்ந்தது, ஜூம் எவ்வளவு என்று அளக்கும் கருவிகள் இருக்கும். ஆட்டத்துக்கு முன்பே மைதானத்தை அளந்து கணினியில் முப்பரிமாண மாதிரி ஏற்றிவிடுவார்கள். மழைநீர் வடிய நடுவில் சற்று மேடாக்கிய மைதானங்கள் உண்டு. தட்டையானது என்று கொண்டால் கோடு ஓரங்களில் விலகித் தெரியும்.

இரண்டாவது கட்டம் உங்கள் குரோமாதான், கொஞ்சம் திருப்பிப் போட்டது. தரையின் பச்சை எவையெவை என்று ஒரு நிறப் பட்டியல், ஜெர்சி, தோல், வெள்ளைக் கோடு என்று விலக்க வேண்டியவற்றுக்கு இன்னொரு பட்டியல். தரை நிறம் உள்ள புள்ளிகளில் மட்டும் மஞ்சள் ஏறும். பச்சை மேட் முன்னால் பச்சைப் பட்டு உடுத்திய பெண்ணை நிறுத்தினால் உங்களுக்கு வரும் அதே சிக்கல், ஓரிகன் போன்ற பச்சை ஜெர்சி அணி ஆடும்போது அவர்களுக்கும் வரும். மாலை நிழல் விழுந்தாலும் சேறானாலும் பச்சை மாறும். அதனால் ஆட்டம் முழுக்க ஒருவர் நிறப் பட்டியலைத் திருத்திக்கொண்டே இருப்பார். பாய்சி ஸ்டேட் மைதானம் 1986 முதல் நீல நிறம். அங்கே பட்டியலே வேறு.

நடுவருக்கு இந்த மஞ்சள் கோடு செல்லாது. ஓரத்தில் இரண்டு கம்பும் நடுவே 10 யார்டு சங்கிலியுமாக நிற்கிறார்களே, அதுதான் கணக்கு.

பந்து 24-ல் நிற்கிறது. ஆனால் 41 யார்டு ஃபீல்டு கோல் என்கிறான். 17 எங்கிருந்து வந்தது?
- கணக்கு ஆசிரியர், வள்ளியூர்

கம்பம் எல்லைக் கோட்டில் இல்லை, எண்டு ஸோனின் பின்கோட்டில் இருக்கிறது, அது 10. உதைப்பவருக்கு இடம் வேண்டி பந்தை 7 யார்டு பின்னால் எறிந்து ஊன்றுவார்கள்; அது 7. பந்து நிற்கும் எண்ணோடு 17 கூட்டுங்கள், சில அணிகளுக்கு 18. கம்பங்களின் இடைவெளி 18½ அடி, குறுக்குச் சட்டம் 10 அடி உயரம்.

இதே 41 யார்டுதான் 2025-ன் முதல் அரையிறுதியை முடித்தது. மயாமி அருகே ஆரஞ்ச் பவுல், நோட்டர் டேமும் பென் ஸ்டேட்டும் 24-24. பாக்கி 33 விநாடி இருக்கும்போது பென் ஸ்டேட் குவார்ட்டர்பேக் ட்ரூ ஆலர் நெருக்குதலில் நடுவே வீசிய பந்தை நோட்டர் டேமின் கிறிஸ்டியன் கிரே பிடித்துவிட்டார். 7 விநாடி இருக்கையில் மிட்ச் ஜெட்டர் உதைத்தார், 27-24. ஆலர் அந்தப் பந்தை ஆளில்லாத வெளியில் எறிந்திருந்தால் அதிகம் போனால் ஓவர்டைம். சமனில் நிற்கும்போது கடைசி நிமிடத்தில் நடுவே வீசுவது எந்தப் பயிற்சியாளரும் விரும்பாத காரியம், ஏனென்றால் அங்கே பிடித்தவருக்குக் கம்பம் பாதி தூரத்தில்.

கல்லூரி மட்டத்தில் 40-க்குள் பெரும்பாலும் விழும். 50-ஐ நம்பி இருக்கக் கூடாது. 2022 டிசம்பர் 31 இரவு அட்லாண்டாவில் ஒஹையோ ஸ்டேட் 41, ஜார்ஜியா 42. கடைசி விநாடிகளில் 50 யார்டு உதை, அங்கே புத்தாண்டு பிறக்கும் வேளை. பந்து இடப்பக்கம் விலகிப் போனது.

முன்னிலையில் இருக்கும் அணி கடைசியில் பந்தை வாங்கி மண்டியிடுகிறதே, தோற்றவர்கள் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்?
- வாசகி, நாங்குநேரி

கல்லூரி விதிப்படி பந்து வைத்திருப்பவரின் முழங்கால் தரையில் பட்டாலே அந்த முயற்சி முடிந்தது. ஆனால் கடிகாரம் ஓடும். அடுத்த முயற்சியைத் தொடங்க 40 விநாடி அவகாசம். மூன்று முறை மண்டியிட்டால் இரண்டு நிமிடம் கரைந்துவிடும். எதிரணியிடம் டைம் அவுட் மீதி இருந்தால் கடிகாரத்தை நிறுத்தலாம். ஒரு பாதிக்கு மூன்றுதான். மூன்றாவது கால் பகுதியிலேயே அவற்றைச் செலவழித்த பயிற்சியாளர் கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஓவர்டைம் விதி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு மாதிரி தெரிகிறது. ஒழுங்காகச் சொல்லுங்கள்.
- வங்கி ஊழியர், சுரண்டை

கல்லூரி ஓவர்டைமில் கடிகாரமே கிடையாது. எதிரியின் 25 யார்டு கோட்டிலிருந்து ஆளுக்கு ஒரு வாய்ப்பு. இருவரும் ஆடிய பிறகும் சமன் என்றால் இரண்டாவது ஓவர்டைம், அதே 25. ஆனால் இப்போது டச் டவுன் போட்டால் 1 புள்ளி உதை கிடையாது, 2 புள்ளிக்குத்தான் முயல வேண்டும். மூன்றாவதிலிருந்து 25-உம் போய்விடும்; 3 யார்டிலிருந்து மாற்றி மாற்றி ஒரே ஒரு 2 புள்ளி முயற்சி. 2021-ல் வந்த ஏற்பாடு இது. அதற்கு முந்திய ஆட்டங்களின் பழைய வீடியோ பார்த்திருந்தால் வேறு மாதிரி தெரியும், உங்கள் குழப்பம் அதனால் இருக்கலாம்.

டாஸ் வென்றவர் பெரும்பாலும் முதலில் தடுக்கவே விரும்புவார். எதிரி எத்தனை எடுத்தான் என்று தெரிந்துகொண்டு ஆடலாம்: அவன் 3 எடுத்தால் நமக்கு டச் டவுன் வெற்றி, அவன் 7 எடுத்தால் நாலாவது டவுனில் உதைக்கும் பேச்சே இல்லை.

அரையிறுதியில் முதல் ஓவர்டைம் 2018 ஜனவரி 1, ரோஸ் பவுல். 45-45 ஆகி, முதல் ஓவர்டைமில் இருவரும் ஃபீல்டு கோல் அடித்து 48-48. இரண்டாவதில் ஓக்லஹோமாவின் உதையை ஜார்ஜியா கையால் தடுத்தது. அதன் பிறகு சோனி மிஷெல் 27 யார்டு ஓடினார், 54-48. 2024 ஜனவரி 1, அதே ரோஸ் பவுல்: மிஷிகன் முதலில் ஆடி டச் டவுனும் உதையுமாக 27-20. அலபாமா நாலாவது டவுனில் 3 யார்டு பாக்கி என்ற இடம் வரை வந்தது. குவார்ட்டர்பேக் ஜேலன் மில்ரோ நடுவே ஓடினார். கூட்டத்தில் அமுங்கினார், ஆட்டம் முடிந்தது.

மகன் டல்லாஸில் இருக்கான். ஜனவரியில நாங்க ரெண்டு பேரும் போறோம், அரையிறுதிக்கு டிக்கெட் எடுத்திருக்கான். என்ன கொண்டு போலாம், எங்க உக்காரணும்?
- வாசகி, கல்லிடைக்குறிச்சி

கைப்பையை வீட்டில் வையுங்கள். பெரிய அரங்குகளில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பைக்குத்தான் அனுமதி. அளவு 12 அங்குலம், 12 அங்குலம், தடிமன் 6. கையடக்கப் பர்ஸ் தனியாக வைத்துக்கொள்ளலாம். மாத்திரை, இன்சுலின் போன்றவற்றைச் சோதித்துவிட்டு விடுவார்கள். மருந்துச் சீட்டு கூட இருக்கட்டும். அல்வாவும் முறுக்கும் வாசலோடு சரி.

டிக்கெட் போனில் இருக்கும். அரங்கின் வாசலில் போய்த் திறந்தால் கூட்ட நெரிசலில் நெட்வொர்க் திணறும். வீட்டிலேயே போனில் இறக்கி வைத்து, முழுக்க சார்ஜ் ஏற்றிக் கொண்டு போகச் சொல்லுங்கள். பார்க்கிங்கும் முன்கூட்டியே வாங்குவது.

இருக்கை எது என்று மகன் கேட்டால், கீழ் வரிசை வேண்டாம் என்று சொல்லுங்கள். விலையும் கூட, ஓரத்தில் நிற்கும் ஆட்டக்காரர்கள் முதுகுதான் தெரியும். நடுக்கோட்டை ஒட்டி, நடு உயரத்தில் இருந்தால் பதினொரு பேரும் எப்படி நகர்கிறார்கள் என்பது தெரியும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மேல் தளம் ஆகாது, படி செங்குத்து. இன்னொன்று: எதிரணி பந்து வைத்திருக்கும்போதுதான், குறிப்பாக மூன்றாவது டவுனில், எழுந்து நின்று கூச்சலிடுவார்கள், அவர்கள் குவார்ட்டர்பேக் சொல்வது சக ஆட்களுக்குக் கேட்கக் கூடாது என்று. சொந்த அணி ஆடும்போது அமைதி. இதை மாற்றிச் செய்தால் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். ஆர்லிங்டன், அட்லாண்டா, அரிசோனா கிளெண்டேல் அரங்குகளுக்கு மூடும் கூரை உண்டு; பாசடீனாவின் ரோஸ் பவுல் அரங்குக்குக் கிடையாது, இரவில் ஸ்வெட்டர் தேவைப்படும்.

மஞ்சள் துணியை எறிகிறார்களே?
- மாணவி, களக்காடு

தவறு நடந்த அறிகுறி. அசையக் கூடாத நேரத்தில் அசைந்தால் 5 யார்டு பின்னால், பிடித்து இழுத்துத் தடுத்தால் 10, பந்தைப் பிடிக்கப் போகிறவரை மறித்தால் அதிகபட்சம் 15-உம் எதிரணிக்குப் புதிய முதல் டவுனும். தலையைக் குறிவைத்து மோதினால் 15-உம் வெளியேற்றமும்.

எங்கள் ஊர் செயற்கைப்புல் ஹாக்கி மைதானத்தில் இந்த ஆட்டம் ஆட இடம் போதுமா?
- முன்னாள் ஹாக்கி ஆட்டக்காரர், கோவில்பட்டி

நீளம் அச்சாகப் பொருந்துகிறது. ஹாக்கி மைதானம் 91.40 மீட்டர், இந்த ஆட்டத்தில் எல்லைக்கு எல்லை 100 யார்டு, 91.44 மீட்டர். அகலம் ஹாக்கிக்கு 55, இதற்கு 48.77, ஓரத்துக்கு மூன்று மீட்டர் மிச்சமே. இடிப்பது எண்டு ஸோனில். இரு முனையிலும் 9.14 மீட்டர் வேண்டும், ஹாக்கிப் பின்கோட்டுக்கு அப்பால் பொதுவாக அவ்வளவு விடுவதில்லை, வேலி வந்துவிடும். முழு வேகத்தில் ஓடிவருபவர் வேலியில் மோதுவார். இடம் இருந்தாலும் செய்யாதீர்கள்: இந்த ஆட்டத்தின் முள் பூட்ஸ் ஹாக்கித் தரையைக் கிழித்துவிடும்.

பள்ளியில் ஃப்ளாக் ஃபுட்பால் தொடங்கலாம் என்று இருக்கிறோம். மைதானம் எப்படிப் போடுவது, எதில் கவனம் வேண்டும்?
- உடற்கல்வி ஆசிரியை, திசையன்விளை

நல்ல யோசனை. முட்டி மோதல் இல்லை, ஹெல்மெட் இல்லை, 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஆண், பெண் இரு பிரிவுக்கும் சேர்த்திருக்கிறார்கள். அணிக்கு ஐந்து பேர். இடுப்புப் பட்டையில் தொங்கும் துணியை உருவினால் முயற்சி முடிந்தது. நாலு டவுனில் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டினால் எல்லைக்கு இன்னொரு நாலு.

ஆடுகளம் 50 யார்டு நீளம், 25 அகலம், இரு முனையிலும் 10 யார்டு எண்டு ஸோன். மொத்தம் 64 மீட்டருக்கு 22.86 மீட்டர். சரியான அளவில் உள்ள 400 மீட்டர் ஓடுபாதைக்கு உள்வெளி அகலம் 73 மீட்டர், நேர்ப்பகுதி 84 மீட்டர். குறுக்காகப் போட்டால் மூன்று களம் பக்கத்தில் பக்கத்தில் அடங்கும், நடுவே 5 மீட்டர் இடைவெளியும் விட்டு.

முதலில் ஒரு நீளக் கோட்டைக் கயிறு கட்டிப் போடுங்கள். மூலையில் அதன் மேல் 4 மீட்டர், குறுக்கே 3 மீட்டர் அளந்து, இரண்டு முனைக்கும் இடையே சரியாக 5 வருகிறதா பாருங்கள். வந்தால் மூலை செங்கோணம். இதை ஒரு மூலையில் மட்டும் செய்து மற்றதைக் கண்ணால் பார்த்துப் போட்டால் மறுமுனை அரை மீட்டர் கோணிக்கொள்ளும். கடைசியாக இரண்டு மூலைவிட்டமும் சமமா என்று அளந்தால் தப்பு தெரிந்துவிடும், ஒவ்வொன்றும் 67.96 மீட்டர் வர வேண்டும். சுற்றுக்கோடு, இரண்டு எல்லைக் கோடு, நடுக்கோடு சேர்த்து சுமார் 242 மீட்டர் கோடு. எல்லைக்கும் நடுக்கோட்டுக்கும் 5 யார்டு முன்னால் புள்ளிக்கோடு போடுங்கள்; அதற்குள் ஓடக் கூடாது, வீசித்தான் ஆக வேண்டும். இதை விட்டுவிட்டால் பலமான பிள்ளை ஒருத்தி முட்டி ஓடியே எல்லாப் புள்ளியும் எடுத்துவிடுவாள்.

நீற்றாத சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், ஈரத்தோடு கண்ணில் பட்டால் வெந்துவிடும். சாக்பவுடர் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கோடு கரைந்துவிடும் என்பதால் மூலைகளில் நைலான் கயிற்றுத் துண்டைத் தரை மட்டத்துக்குப் புதைத்து வையுங்கள், மறுபடி அளக்க வேண்டாம். இரும்பு ஆணி அடிக்காதீர்கள்.

கொடித் துணி சுமார் 5 செ.மீ. அகலம், 38 செ.மீ. நீளம், இடுப்பின் இரு பக்கமும் ஒவ்வொன்று. வெல்க்ரோ வைத்து உள்ளூரிலேயே தைக்கலாம். முடிச்சுப் போட்டால் உருவ வராது, இழுக்கிறவள் விரல்தான் சுளுக்கும். சட்டையை உள்ளே விட்டுக்கொள்ளட்டும். பை வைத்த டிராக் பேன்ட் கூடாது: துணியை எட்டிப் பிடிக்கப் போகும் கை பைக்குள் மாட்டி, விரல் மூட்டு பிசகுவதுதான் இந்த ஆட்டத்தில் அடிக்கடி வரும் காயம். இருக்கிற பேன்ட்தான் என்றால் பை வாயைத் தைத்துவிடுங்கள்.